வாடைக்கு வந்தவன்

சனிக்கிழமை காலை பத்தரை மணிக்கு அந்தக் கேபினுக்குப் போய்ச் சேர்ந்தோம். ஆஸ்டினிலிருந்து இரண்டு மணி நேரம். கடைசி ஆறு மைல் மண்பாதை. இரண்டு பக்கமும் நம்மூர் வேலிக்காத்தான் போலவே முள்மரம், சிவந்த மண், பாறை. அந்தியூர் மலையடிவாரத்துக்கே வந்துவிட்ட மாதிரி எனக்கு இருந்தது. நான் ஏமாந்தது அங்கேதான்.

தொண்ணூற்றேழாம் வருஷம், ஐப்பசி கடைசி. என் மகன் ரஞ்சித்குமார் ஆஸ்டினில் சிப் செய்கிற கம்பெனியில் இன்ஜினியர். எனக்கு அவன் ஒருத்தன்தான். அவன் அம்மா வசந்தாமணி தவறிய பிறகு, தோட்டத்தில் தனியாகக் கிடக்க வேண்டாம் என்று ஆறு மாதத்துக்கு என்னைக் கூட்டி வந்திருந்தான். வந்த நாள் முதல் அவனுக்கு ஆபீஸ், எனக்கு சோபா. மான் வேட்டைக்குப் போகலாம் என்று அவன் சொன்னபோது, மான் எனக்குப் பெரிதில்லை. இரண்டு நாள் கூட இருப்பான் என்றுதான் கிளம்பினேன்.

"கார்த்திக பொறக்கறதுக்குள்ள இந்தக் கறியெல்லாம் முடிச்சுட்டு வந்துருங்க மாமா. அப்புறம் ஊட்டுக்குள்ள சேத்த மாட்டேன்" என்றாள் மருமகள் சண்முகப்ரியா. ரஞ்சித் சிரித்தான். அவனுக்குத் துப்பாக்கி பழகி ஒரு வருஷம்தான் ஆகிறது. ஆபீஸில் எல்லாரும் சுவரில் கொம்பு மாட்டி வைத்திருக்கிறார்களாம்.

கூட வந்தவன் சேனாபதி. அதே ஆபீஸ், மெட்ராஸ்காரன். வாய் ஓயாதவன். சிரித்துச் சிரித்துப் பேசுகிறவனை நான் லேசில் நம்புவதில்லை. அந்த நிலத்தில் சீசனுக்கு வேட்டையாட இடம் பிடித்தவன் அவன்தான். அவனும் அன்றுதான் முதல் தடவை வருகிறான். நிலத்துக்காரர் பெர்ட் என்கிற வெள்ளைக்காரர். சாவி வாசல் கல்லுக்கு அடியில் இருக்கும், சாயந்தரம் வந்து பார்க்கிறேன் என்று போனில் சொல்லியிருந்தார்.

வரும் வழியிலேயே நான் வண்டியை நிறுத்தச் சொன்னேன். ரோட்டோரப் புல்லில் பதினோரு மான்கள். கார் நின்றும் தலை தூக்கவில்லை.

"பாரு கண்ணு. வெயில் இந்தக் காய் காயுது, இப்ப நெழல்ல படுத்துக் கெடக்கோணும். இதுங்க அவுதி அவுதியா மேயுது. ரெண்டு நாளைக்கு மேய முடியாதுன்னு அதுக்குத் தெரிஞ்சு போச்சு. பெருசா ஒண்ணு வருது."

"டிவில பாத்தேங்ப்பா. ராத்திரி பத்து மணிக்கு மேலதான் கோல்ட் ஃபிரன்ட்டுன்னான்."

"டிவிக்காரன் ஊட்டுக்குள்ள உக்காந்துட்டுச் சொல்றான். மான் வெளிய நின்னு சொல்லுது."

"அங்கிள், நீங்க வெதர் சேனல்ல சேந்துடுங்க" என்றான் சேனாபதி. "டை கட்டிக்கினு மேப்புக்கு முன்னாடி நில்லுங்க. நான் டெய்லி வாட்ச் பண்றேன்."

கேபின் பலகை வீடு. ஒரே அறை, இரும்பு அடுப்பு, நான்கு கட்டில். கதவைத் திறந்ததும் எலிப்புழுக்கை வாசமும் பழைய புகை வாசமும் வந்தன. அதற்கு அடியில் இன்னொரு வாசம் இருந்தது. ஈரக் கம்பளி வாசம். வெளியே மண் வெடித்துக் கிடக்கிறது, உள்ளே ஈரம் எங்கிருந்து வந்தது என்று நினைத்தேன். நினைத்ததோடு சரி.

கதவுக்கு நேர் எதிர்ச் சுவரில் ஓர் ஆணி. ஆணியில் ஒரு கோட்டு. முழங்கால் வரை வருகிற தடித்த கோட்டு, பழுப்பு நிறம், உள்ளே ஆட்டுரோமம். அதன் மார்பில் ஒரு காகிதத்தை ஊசியால் குத்தி வைத்திருந்தார்கள். நான்கு வரி இங்கிலீஷ். எனக்குத் தமிழே மூன்றாங்கிளாஸோடு நின்றது.

வாசலில் போய் நின்று இடுப்புச் சுருக்குப்பையைத் திறந்தேன். பழனித் திருநீறு. பர்கூர் மலையில் நாங்கள் மானுக்குப் போன காலத்தில் அடுப்புச் சாம்பல் கொண்டு போவோம். ஒரு சிட்டிகையை நெஞ்சு உயரத்தில் விட்டால் காற்று எந்தப் பக்கம் போகிறது என்று காட்டிவிடும். நம் வாடை மானுக்குப் போகாத பக்கம் ஒதுங்க வேண்டும். இங்கே அடுப்புச் சாம்பலுக்கு எங்கே போவது? முருகன் கோபித்துக்கொள்ள மாட்டான் என்று திருநீற்றை விட்டேன்.

நேராக என் கால் கட்டைவிரல் மேல் விழுந்தது. மயிரிழை கூடச் சாயவில்லை. தூணில் மாட்டியிருந்த வெப்பமானி ஃபாரன்ஹீட் கணக்கில் எண்பத்து நாலு காட்டியது. அந்த வெயிலில் காற்று அப்படிச் செத்துக் கிடந்தால் நல்லதுக்கில்லை.

மானுக்கும் வானத்துக்கும் உள்ள கணக்கு எனக்குத் தெரியும். பெருமழைக்கு முன்னால் காடே வெளியே வந்து மேயும். காற்று அடிக்க ஆரம்பித்துவிட்டால் ஒன்றும் அசையாது, பள்ளத்தில் படுத்துக்கொள்ளும். காற்றில் காதும் கேட்காது, மோப்பமும் பிடிபடாது, அதனால் பயம். காற்று நின்று, குளிர்ந்து, வானம் வெளுத்த காலையில் பசியோடு மறுபடி வரும். இந்த மூன்றும் மாறி நான் பார்த்ததில்லை. அன்று வரைக்கும்.

அங்கே இரண்டு பரண் இருந்தன. மரக்கால் மேல் நிறுத்திய பலகைப் பெட்டி, ஏணி, ஜன்னல், உள்ளே இரண்டிரண்டு நாற்காலி. ஒன்று தெற்கே மேட்டுக்கு அந்தப்பக்கம், அது சேனாபதிக்கு. இன்னொன்று வடக்கே காய்ந்த ஓடையைத் தாண்டி, அரை மைல். கேபின் வாசலில் நின்றால் தெரியும். அது ரஞ்சித்துக்கு. என் முழங்கால் ஏணி ஏறாது. நான் கேபினில் இருப்பதாக முடிவாயிற்று.

ரஞ்சித் அரைக்கைச் சட்டையோடு நின்றான்.

"ஸ்வெட்டர் எங்க?"

"எடுத்துட்டு வரலீங்ப்பா. சாயந்தரம் அஞ்சரைக்குள்ள எறங்கிருவேன். எதுக்கு?"

நான் உள்ளே போய் அந்தக் கோட்டை ஆணியிலிருந்து எடுத்தேன். காகிதத்தைப் பிய்த்து, டீ வைக்க மூட்டியிருந்த அடுப்பில் போட்டேன். அந்தக் கோட்டு யாருடையது என்று நான் யோசிக்காமல் இல்லை. பெர்ட்டுடையது, இல்லை அவர் வேலையாளுடையது. வேறு மாதிரி எனக்குத் தோன்றவே இல்லை. வசந்தாமணி போன மூன்றாம் நாளே அவள் கட்டிய சேலை ஒன்று விடாமல் வீட்டை விட்டுப் போய்விட்டது. துணி வெளுக்கிறவளுக்குக் கொஞ்சம், ஆற்றோடு கொஞ்சம். செத்தவர்கள் துணியை எங்கள் பக்கம் ஆணியில் மாட்டி வைக்க மாட்டார்கள். ஒரு வீட்டில் துணி தொங்கினால் போட்டுக்கொள்ள ஆள் உயிரோடு இருக்கிறான் என்றுதான் எங்களுக்கு அர்த்தம்.

"யாருதுங்ப்பா இது? வேர்க்குது, இதப் போயி…"

"தோள்ல போட்டுக்க. சாயந்தரம் திருப்பி மாட்டிக்கலாம். என்ற பேச்ச ஒரு தடவ கேளு சாமி. காத்து அடிச்சா மான் வராது, உடனே எறங்கி வந்துரு."

கேட்டான். நான் வந்ததிலிருந்து என் பேச்சை அவன் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

கோட்டோடு அவன் வாசற்படியைத் தாண்டியபோது அடுப்பு நெருப்பு ஒரு தடவை சாய்ந்தது. வாசலை நோக்கிச் சாய்ந்தது, அவன் பின்னாலேயே போகிற மாதிரி.

காற்று இல்லை. அதை நான் அப்போதுதான் பார்த்திருந்தேன்.

இரண்டரை மணி வரைக்கும் ஒன்றுமில்லை. வாசலில் உட்கார்ந்து டீ குடித்தேன். அப்புறம் பறவைச் சத்தம் நின்றது. ஒவ்வொன்றாக இல்லை, எல்லாம் ஒரே நேரத்தில். தூரத்தில் மாடுகள் மேய்ச்சலை விட்டுத் தெற்கு வேலியைப் பார்த்து வரிசையாக நடந்தன. வடக்கே அடிவானத்தில் நீலமாக ஒரு கோடு. மலை என்று நினைத்தேன். காலையில் அங்கே மலை இல்லை. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது கைத்தடி அகலம், பிறகு சுவர் உயரம். கன்றிப்போன காயத்தின் நிறம்.

டிவிக்காரன் சொன்னதுக்கு ஏழு மணி நேரம் முன்னால் வந்தது வாடை.

முதலில் வந்த காற்றே என் டம்ளரைக் கொண்டு போயிற்று. அதுவரை வியர்த்த முதுகில் பச்சைத் தண்ணீரை ஊற்றிய மாதிரி இருந்தது. புழுதி, முள், சருகு எல்லாம் கேபினுக்கு மேலாகப் பறந்தன. வெப்பமானியின் சிவப்புக் கோடு கண் எதிரே இறங்கியது. எழுபது. அறுபது. கட்டில் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு வந்து பார்த்தேன். நாற்பத்தைந்து. கொஞ்ச நேரத்தில் வானத்திலிருந்து மழையும் இல்லாமல் பனியும் இல்லாமல் ஐஸ் குருணை பலகையில் சடசடவென்று விழுந்தது.

ரஞ்சித் வருகிறானா என்று பைனாகுலரை எடுத்தேன். ஓடைப்பக்கம் யாரும் வரவில்லை. பரணைப் பார்த்தேன். ஜன்னலில் அவன் தலை தெரிந்தது.

பக்கத்தில் இன்னொரு தலை.

சேனாபதிதான், குளிருக்கு இவனிடம் வந்துவிட்டான் என்று நினைத்தேன். இரண்டு பேரும் அசையாமல் உட்கார்ந்திருந்தார்கள். எதையோ பார்க்கிற மாதிரி. அவர்கள் பார்க்கிற பக்கம் பைனாகுலரைக் கீழே இறக்கினேன்.

மான்கள்.

அந்தக் காற்றில், அந்த ஐஸில், ஒளிய ஒரு புதர் இல்லாத வெட்டவெளியில் இருபது மானுக்கு மேல் நின்றன. மேயவில்லை. காது மடங்கவில்லை. படுத்திருக்க வேண்டிய நேரத்தில் அத்தனையும் நின்று, அத்தனையும் பரணையே பார்த்துக்கொண்டிருந்தன. அறுபது வருஷத்தில் நான் அப்படி ஒன்றைப் பார்த்ததில்லை.

முதுகுக்குப் பின்னால் கதவு படீரென்று திறந்தது.

"செத்தேன்! அங்கிள், செத்தே போனேன்! இன்னா காத்து இது, மூஞ்சியெல்லாம் ஐஸு!" சேனாபதி கையை அக்குளில் வைத்துக்கொண்டு குதித்தான். "ரஞ்சித் எங்க?"

நான் அவனைப் பார்த்தேன். "நீ அங்க போகல?"

"எங்க?"

"ரஞ்சித்துகிட்ட."

"நான் எதுக்கு அங்க போறேன்? அது நார்த்து, நான் சவுத்து. நேரா இங்கதான் ஓடியாறேன்."

"அப்ப அவன் பக்கத்துல உக்காந்திருக்கறது யாரு?"

சேனாபதி பைனாகுலரை வாங்கிப் பார்த்தான். ரொம்ப நேரம் பார்த்தான். கண்ணாடியைச் சட்டையில் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தான்.

அந்த நேரத்தில் லாரி மாதிரி ஒரு பெரிய வண்டி வந்து நின்றது. வெள்ளைக்காரர், எழுபது வயசு இருக்கும், என் வயசு. பெர்ட். எங்களைக் கேபினுக்குள் பத்திரமாக இருக்கச் சொல்ல வந்தாராம். உள்ளே நுழைந்தவர் எங்களைப் பார்க்கவில்லை, எதிர்ச் சுவரைப் பார்த்தார். வெறும் ஆணியைப் பார்த்தார். முகத்தில் இருந்த ரத்தம் இறங்கிப் போனது எனக்கே தெரிந்தது.

அவர் கேட்டது நாலு வார்த்தை. சேனாபதி என்னைப் பார்த்தான். "கோட்ட யாரு எடுத்தாங்கன்றாரு."

"நான்தான். பையனுக்குக் குடுத்தேன். அதனால என்னவாம்?"

பெர்ட் பேசினார். மெதுவாகத்தான் பேசினார். சேனாபதி துண்டு துண்டாகத் தமிழில் சொன்னான்.

"அங்கிள், அது அவரு தம்பி கோட்டாம். வேட்னு பேரு. ஒம்பது வருஷம் முன்னாடி இதே மாரி வெயில் அடிக்க சொல்ல வெறும் சட்டையோட அந்த பரண்ல போயி உக்காந்தாராம். கோட்டு இங்க ஆணில இருந்துச்சாம். நார்தர்னு சொல்றாரே, இந்த வாடைக்காத்து, அது வந்துச்சாம். காலைல போயி பாத்தா…" நிறுத்தினான். "அப்பலேர்ந்து ஒவ்வொரு நார்தருக்கும் இந்தக் கதவு வரைக்கும் வருவாராம் அங்கிள். கோட்டு உள்ள இருக்கறவரைக்கும் வாசலோட நின்னுட்டுப் போயிடுவாராம். அத வெளிய எடுத்துட்டுப் போவாதீங்கன்னு பேப்பர்ல எழுதி வெச்சிருந்தாராம். நீங்க பாக்கலையான்றாரு."

அந்தக் காகிதத்தில்தான் நான் டீ வைத்துக் குடித்திருந்தேன்.

"நம்மள மெரட்டறான்" என்றேன். அப்படித்தான் வாயில் வந்தது. ஆனால் கால் வண்டியை நோக்கி ஓடியது.

ஓடை வரைக்கும்தான் வண்டி போயிற்று. இறங்கி நடந்தோம். மூச்சை இழுத்தால் நெஞ்சுக்குள் கத்தி வைத்த மாதிரி இருந்தது. மான்கள் அப்படியே நின்றன. அவற்றின் நடுவில்தான் நடந்தோம். கை நீட்டினால் தொடலாம். ஒன்றுகூட எங்களைத் திரும்பிப் பார்க்கவில்லை. முதுகிலும் இமையிலும் ஐஸ் படிந்திருந்தது.

ஏணிக்குக் கீழே நின்று, "ரஞ்சித்து!" என்று கத்தினேன். காற்று என் குரலைத் தெற்கே கொண்டு போயிற்று.

பழக்க தோஷம், கை சுருக்குப்பைக்குள் போனது. ஒரு சிட்டிகை விட்டேன். எங்களைக் கீழே தள்ளுகிற அந்தக் காற்றில் அது தெற்கே பறந்திருக்க வேண்டும்.

பறக்கவில்லை.

ஏணி வழியாக மேலே போனது. படி படியாக, நிதானமாக, பரண் கதவு இடுக்குக்குள் நுழைந்தது.

முழங்கால் வலி எனக்கு ஞாபகம் இல்லை. ஏறினேன்.

உள்ளே காற்று இல்லை. அதுதான் முதலில் பயமுறுத்தியது. நான்கு பக்கமும் சந்து விட்ட பலகைப் பெட்டி, ஆனால் உள்ளே ஒரு சருகு அசையவில்லை. ஈரக் கம்பளி வாசம் மூக்கை அடைத்தது. இடது நாற்காலியில் என் பிள்ளை அரைக்கைச் சட்டையோடு உட்கார்ந்திருந்தான். உதடு நாவல்பழ நிறம். சிரித்துக்கொண்டிருந்தான்.

வலது நாற்காலியில் கோட்டு.

கழுத்து வரை பொத்தான் போட்டிருந்தது. தோள் நிமிர்ந்து, மார்பு புடைத்து, ஆள் இருக்கிற கோட்டு எப்படி இருக்குமோ அப்படி இருந்தது. கழுத்துக்கு மேலே, பைனாகுலரில் நான் தலையைப் பார்த்த இடத்தில், ஒன்றுமில்லை. வலது கை நாற்காலிப் பிடியில். இடது கையின் நுனி ரஞ்சித்தின் மணிக்கட்டைச் சுற்றியிருந்தது.

"வாங்கப்பா" என்றான் ரஞ்சித். வாய் குழறியது. "இவருக்குக் குளுருதுன்னாரு. குடுத்துட்டேன்."

"எந்திரிச்சு வா சாமி."

"இன்னும் குளுருதாமுங்ப்பா. போகாதன்னாரு."

அவன் கையைப் பிடித்து இழுத்தேன். வரவில்லை. வேர் பிடித்த மாதிரி இருந்தது. இன்னும் கால் மணி நேரம் போனால் என் ஒரே பிள்ளை ஒன்பது வருஷத்துக்கு முன்னால் செத்தவனோடு சேர்ந்துவிடுவான் என்று எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. கீழே பெர்ட் தம்பி பெயரைச் சொல்லி அழுதுகொண்டிருந்தார். எனக்கு மந்திரமும் தெரியாது, இங்கிலீஷும் தெரியாது. தெரிந்ததைச் சொன்னேன்.

"இங்க பாரு. உனக்குக் குளுருது, அவ்வளவுதான? குளுராத எடத்துக்கு நான் உன்னக் கூட்டிட்டுப் போறேன். என்ற வாக்கு. என்ற பையன உடு."

காற்று நின்றது.

வெளியே அந்த வாடை முழுக்க ஒரு மூச்சு நேரம் நின்றது. ஐஸ் விழுகிற சத்தம் நின்றது. கோட்டின் கை மெதுவாகத் தளர்ந்து பிடியை விட்டு விழுந்தது. மார்பு உள்ளே போய், தோள் சரிந்து, நாற்காலியில் வெறும் துணியாகக் கிடந்தது.

அப்புறம் காற்று மறுபடி ஆரம்பித்தது. கீழே மான்கள் அத்தனையும் ஒரே நேரத்தில் தெறித்து ஓடின.

ரஞ்சித்தைத் தூக்கி இறக்கி, கேபினில் அடுப்புக்குப் பக்கத்தில் போட்டு, சேனாபதியும் நானும் கை கால் தேய்த்தோம். பெர்ட் கோட்டைக் கொண்டுவந்து ஆணியில் மாட்டிவிட்டுத் தம் வீட்டிலிருந்து கம்பளியும் சூடான சூப்பும் கொண்டு வந்தார். இருட்டுவதற்குள் பையன் முகத்தில் ரத்தம் வந்துவிட்டது.

"யாருடா அது? ஏணில ஏறி வந்தானா?" என்று கேட்டேன்.

"தெரீலீங்ப்பா. திரும்பிப் பாத்தப்ப பக்கத்துல இருந்தாரு. பெர்ட் அனுப்புன ஆளுன்னு நெனச்சேன். ஒண்ணும் பேசல, குளுருதுன்னு மட்டும் சொன்னாரு. அப்பறம் போகாதன்னாரு."

"எந்த பாஷையில சொன்னான்?"

அவன் யோசித்தான். முகம் மாறியது. "தமிழ்லதானுங்ப்பா" என்றான்.

சேனாபதி எழுந்து போய்க் கதவின் தாழ்ப்பாளைச் சரிபார்த்தான்.

விடிந்தபோது காற்று இல்லை. வானம் கழுவிவிட்ட மாதிரி நீலம். புல் முழுக்க வெள்ளை உறைபனி. மான் வர வேண்டிய காலை அது. ஒரு மான் இல்லை, ஒரு பறவை இல்லை.

பெர்ட் காலையிலேயே வந்தார். நேராகக் கோட்டிடம் போய்த் தடவினார். தோளில், கையில், உள்ளே ரோமத்தில். சேனாபதி என் காதில் சொன்னான், "காஞ்சிருக்குன்றாரு அங்கிள். ஒம்பது வருஷத்துல நார்தர் அடிச்ச மறுநாள் இது காஞ்சு இருந்ததே இல்லையாம்." பெர்ட் அதை ஆணியிலிருந்து எடுத்தார், மடித்தார், நெஞ்சோடு வைத்துக்கொண்டு குழந்தை மாதிரி அழுதார். பிறகு வாசலுக்கு வந்து நின்றவர் அப்படியே நின்றுவிட்டார்.

நானும் பார்த்தேன்.

உறைபனியில் பூட்ஸ் தடம். எங்கள் மூன்று பேரில் யாரும் அதுவரை வெளியே கால் வைக்கவில்லை. பெர்ட்டின் தடம் அவர் வண்டியிலிருந்து வந்தது. இது வேறு. கேபின் வாசலில் ஆரம்பித்து எங்கள் கார் வரை போனது. பின்கதவுக்குப் பக்கத்தில் முடிந்தது. திரும்பி வந்த தடம் இல்லை.

பெர்ட் என் கையைப் பிடித்து ரொம்ப நேரம் குலுக்கினார். நான் யாரையும் லேசில் நம்பாதவன். அவர் கண்ணைப் பார்த்தேன். அவருக்குத் தெரிந்திருந்தது. ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவர் தம்பிக்குப் போக்கிடம் கிடைத்துவிட்டது, அவருக்கு அது போதும். அவர் இடத்தில் நான் இருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன்.

ஆஸ்டின் வரும் வரைக்கும் நான் பின்சீட்டில் கதவோடு ஒட்டி உட்கார்ந்திருந்தேன். ஹீட்டர் முழுசாக ஓடியது. என் வலது பக்கம் சூடு ஏறவே இல்லை.

"அங்கிள், அந்தப் பக்க டோர் சரியா மூடல போல, சில்லுன்னு வருது" என்றான் சேனாபதி. மூடித்தான் இருந்தது.

வீட்டில் ஒன்றும் நடக்கவில்லை. பாத்திரம் உருளவில்லை, யாரும் அலறவில்லை. ரஞ்சித்துக்குக் கையில் ஒரு விரல் மட்டும் மரத்துப்போனது மரத்ததுதான். துப்பாக்கியைச் சேனாபதியிடம் கொடுத்துவிட்டான். நன்றாகச் சாப்பிட்டான், ஆபீஸ் போனான். ஹால் மூலையில் சோபாவுக்குப் பக்கத்தில் ஒரு மர நாற்காலி உண்டு. "அந்த மூலையில மட்டும் ஹீட்டரே வேல செய்யறதில்ல மாமா" என்று ப்ரியா ஆளைக் கூப்பிட்டாள். வந்தவன் பார்த்துவிட்டு எல்லாம் சரியாக இருக்கிறது என்று போனான். நான் அந்த நாற்காலியில் ஒரு கம்பளியை மடித்து வைத்தேன். ஏன் என்று அவள் கேட்டாள். எனக்குத்தான் என்றேன்.

ஜனவரியில் எனக்கு ஊருக்கு டிக்கெட். அதைத்தான் நம்பியிருந்தேன். வாக்குக் கொடுத்தவன் நான், என்னோடுதானே வர வேண்டும்? அந்தியூர் வெயிலைவிடக் குளிராத இடம் உலகத்தில் எங்கே இருக்கிறது? கிளம்புவதற்கு முந்தின நாள் பெட்டியைக் கட்டி ஹாலில் வைத்துவிட்டு, யாரும் இல்லாத நேரம் பார்த்து மூலையில் போய் நின்றேன். "வா, போலாம். எங்கூர்ல குளுரே கெடையாது" என்றேன்.

அன்று சாயந்தரம் வடக்கே நீலக்கோடு தெரிந்தது. ரஞ்சித் ஆபீஸிலிருந்து வந்து அலுப்பில் சோபாவிலேயே தூங்கிவிட்டான். ஜன்னல் கதவெல்லாம் ப்ரியா இறுக்கி மூடியிருந்தாள். நான் சுருக்குப்பையை எடுத்தேன்.

என் பெட்டிக்கு மேலே ஒரு சிட்டிகை விட்டேன். நேராக விழுந்தது. எனக்குப் பக்கத்தில் விட்டேன். நேராக என் கால் மேல் விழுந்தது.

மூலை நாற்காலிக்கு மேலே விட்டேன்.

விழவில்லை. காற்றில் நின்றது. பிறகு நாற்காலியை நோக்கிப் போனது, நின்றது, திரும்பி வந்தது. உள்ளே போனது. வெளியே வந்தது. பஞ்சு மாதிரி நிதானமாக. அது போகிற திசை எது என்று பார்த்தேன். நாற்காலி சோபாவை ஒட்டி நகர்ந்திருந்தது, ரஞ்சித்தின் தலைமாட்டுக்கு. நான் நகர்த்தவில்லை.

டிக்கெட்டை ரத்து செய்யச் சொல்லிவிட்டேன். ஏன் என்று அவன் கேட்டதற்கு உன்னை விட்டுப் போக மனசில்லை என்றேன். பிள்ளைக்குக் கண் கலங்கிவிட்டது.

ஆனால் அன்று சாயந்தரம் அங்கே நின்று நான் பார்த்ததை அவனிடம் சொல்லவில்லை. தூங்குகிற என் பிள்ளை மூச்சை வெளியே விட்டபோதெல்லாம் அந்தத் திருநீறு நாற்காலிப் பக்கம் போனது.

அவன் விட்ட சூட்டை அது இழுத்துக்கொண்டிருந்தது.